மார்ன் ஆற்றங்கரையில் நான் அடித்த பாம்பு

அந்தப் பாம்பை நான் எத்தனை முறை அடித்தேன் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. இருபதுக்கு மேல் இருக்கும் என்று அக்கா பிறகு சொன்னார். எனக்கு முதல் இரண்டு அடிகள்தான் நினைவில் இருக்கின்றன.

பாரிஸ் நகரத்து லா சப்பலில் ஒரு மீன்கடையில் வெட்டுகிற வேலை எனக்கு. செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை, காலையில் றப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றால் பின்னேரம் வரை கத்தி கையிலேயே இருக்கும். அறக்குளா, பாரை, விளைமீன், கணவாய். "குழம்புக்கு" என்பார்கள், "பொரிக்க" என்பார்கள். அதற்கேற்றபடி துண்டாக்கிக் கொடுப்பேன். நண்டு சில நாட்களில் உயிரோடு வரும். ஓட்டைப் பிளக்கும்போது கால்களெல்லாம் ஆடும். அதைப் பார்த்து எனக்கு ஒருநாளும் ஒன்றும் தோன்றியதில்லை. இரத்தத்தைக் கண்டு மயங்குகிற ஆள் இல்லை நான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நான் அக்கா என்று கூப்பிடுகிறவரும் அந்தக் கடையில்தான் பழக்கம். புதுச்சேரிக்காரர். பொபினியில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்தபிறகு, பாரிஸிலேயே ஸ்டாலின்கிராட் என்கிற பகுதியில் தனியாக இருக்கிறார். ஒருநாள் பையிலிருந்து பெரிய ஆற்றுமீன் ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்து, "இத கொஞ்சம் செதில் எடுத்து வெட்டிக் குடுப்பியாம்மா?" என்று கேட்டார். வெளியில் பிடித்த மீனைக் கடையில் வெட்டக்கூடாது என்று முதலாளி தலையை ஆட்டினார். அக்கா போகவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கம் வைத்து வெட்டிக் கொடுத்தேன். யார் பிடித்தது என்று கேட்டதற்கு, "நான்தான். தூண்டில் அவரோடது" என்றார்.

அவருடைய கணவர் தூண்டில் பைத்தியமாம். ஞாயிறு தவறாமல் மார்ன் ஆற்றுக்குப் போவாராம். அவர் போனபிறகு அக்கா அதே தடிகளை எடுத்துக்கொண்டு அதே கரைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். கடையில் எல்லாருக்கும் இது தெரியும். "மனுசனிலை எவ்வளவு பாசம் பாருங்கோ" என்று முதலாளி சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு, கடை பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் மழை இல்லாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். நான் இருப்பது நகரத்துக்கு வெளியே செவ்ரானில். ரயில் நிலையத்துக்கு முன்னால் அக்கா காரைக் கொண்டுவந்து நிறுத்துவார். நான் மீன்பிடி அனுமதி அட்டையும் எடுத்துவிட்டேன். வீட்டில் என் கணவர் சிரித்தார். "கிழமையிலை ஆறு நாள் மீனோடை நிக்கிறது காணாதே?" என்று கேட்டார். தடுக்கவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு லில் நகரத்தில் படிக்க இடம் கிடைத்திருந்தது. விடுதிக்கான விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் கையெழுத்து வைக்கவேண்டும். நான் வைத்தேன். கணவரிடம் சொல்லவில்லை. பொம்பிளைப் பிள்ளை வேறு நகரத்தில் தனியே இருக்கக்கூடாது என்பது அவருடைய கதை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் விடுதியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அவர் பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறவர். அன்று வழக்கத்தைவிட வேளைக்கு வந்து தபால்பெட்டியைத் திறந்திருக்கிறார்.

நான் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"ஆரைக் கேட்டுக் கையெழுத்து வைச்சனி?"

"அவள் படிக்கப் போறாள். ஊர் சுத்தப் போகேல்லை" என்றேன்.

அறைந்தார். இடது கன்னத்தில். என் தலை கதவுச் சட்டத்தில் போய் மோதியது. கலியாணம் கட்டிப் பத்தொன்பது வருடத்தில் அது மூன்றாம் தரம். முதல் இரண்டு தரமும் மகள் பார்க்கவில்லை. இந்த முறை அவள் சோபாவில் இருந்தாள். நான் கையை உயர்த்தவில்லை. கதவோடு சாய்ந்து அப்படியே நின்றேன். அவர் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு வெளியே போனார்.

மகள் எங்களோடு பிரெஞ்சில்தான் பேசுவாள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து தந்தாள். தந்துவிட்டு, "ஏன் அம்மா செத்த ஆள் மாதிரி நின்றாய்?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனேன். கேட்டவர்களுக்குப் பல்வலி என்றேன். திங்கட்கிழமை காலை, அக்காவின் கார் வந்து நின்றது. அக்கா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "பல்வலி அக்கா" என்றேன். "ம்" என்று காரை எடுத்தார்.

ஆனி மாதம். மார்ன் ஆறு நிறைந்து பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வழக்கமாக இருக்கும் இடம் ஒரு வளைவு. கரையில் கற்கள் சரிந்து கிடக்கும், பின்னால் சுணைக்கிற செடிகள் முழங்கால் உயரத்துக்கு நிற்கும், அதற்கும் பின்னால் சைக்கிள் பாதை. பிடிக்கிற சின்ன மீன்களை உயிரோடு வைத்திருக்க நீளமான வலைக்கூடு ஒன்று உண்டு. அதன் வாயைக் கரையில் கட்டிவிட்டு மிச்சத்தைத் தண்ணீருக்குள் தொங்கவிடுவோம். பத்துமணிக்குள் ஏழெட்டு மீன் அதில் விழுந்திருந்தது.

பாம்பை முதலில் கண்டது அக்கா. தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நடு ஆற்றிலிருந்து நேராக எங்களை நோக்கி வந்தது. பின்னால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து விரிந்தது. கழுத்தில் மஞ்சள் வளையம். "ஒண்ணும் பண்ணாது, வெஷம் கெடையாது" என்றார் அக்கா. இதற்கு முன்னும் தூரத்தில் இரண்டொன்றைப் பார்த்திருக்கிறோம். கரைக்குக் கிட்ட வந்ததும் அது தலையை அமிழ்த்தி மறைந்துவிட்டது. நாங்கள் மிதவைகளைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டோம்.

கொஞ்ச நேரத்தில் வலைக்கூடு தானாக உதறியது. நான் எழுந்துபோய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். பாரமாக இருந்தது. புல்லில் போட்டபிறகுதான் பார்த்தேன். பாம்பு உள்ளே கிடந்தது. ஒரு மீட்டருக்கு மேல் நீளம். ஒரு மீனை வால்பக்கமாகப் பாதி விழுங்கியிருந்தது. மீனின் வாய் இன்னும் திறந்து திறந்து மூடியது. மற்ற மீன்கள் அதன் உடம்புக்கு மேலே துள்ளின.

வெளிச்சத்தில் வந்ததும் பாம்பு அந்த மீனைக் கக்கியது. பிறகு வலையின் வாய்வழியாகப் பாதி உடம்பை வெளியே இழுத்து, தலையைத் தட்டையாக்கிச் சீறியது. என் முழங்காலை நோக்கி இரண்டு தரம் எகிறியது. கடிக்கவில்லை, வாயைக்கூடத் திறக்கவில்லை. ஆனால் என் கை அதற்குள் தூண்டில் தடியைத் தாங்குகிற இரும்புக் கம்பியை மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டது.

முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது தலைக்குப் பக்கத்தில். பாம்பு முறுகிச் சுழன்று மல்லாந்தது. வயிறு வெள்ளையும் கறுப்புமாகத் தெரிந்தது. வாய் பிளந்து, நாக்கு வெளியே தொங்கி, வாயோரத்தில் இரத்தம். ஒரு நாற்றம் எழும்பியது. அழுகின பூண்டும் மீன்குடலும் சேர்ந்ததுபோல.

"செத்துடுச்சு, விடு" என்றார் அக்கா.

கம்பியின் நுனியால் அதைக் குப்புறப் புரட்டினேன். அசையாமல் கிடந்த உடம்பு மெல்லத் தானாகவே திரும்பி மறுபடியும் மல்லாந்தது. நாக்கு மறுபடியும் வெளியே தொங்கியது. நான் திரும்பவும் புரட்டினேன். அது திரும்பவும் மல்லாந்தது.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாவலடி. நடிக்குது. செத்தமாரி கெடந்தா நம்ம போயிடுவோம்னு பாக்குது."

நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அடிக்கத் தொடங்கினேன்.

அது நடிப்பதை நிறுத்தியது, ஓடப் பார்த்தது, வலைக்குள் சிக்கியது, எல்லாமே அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கம்பி கல்லில் பட்டுக் கை விறைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அக்கா பின்னாலிருந்து என் இரண்டு தோளையும் பிடித்து இழுத்தபோது நான் முழங்காலில் இருந்தேன். தலை இருந்த இடத்தில் தலை இல்லை. வலை கிழிந்திருந்தது. உள்ளே இருந்த மீன்களிலும் இரண்டு மூன்று நசிந்து போயிருந்தன. பாம்பின் வால் இன்னும் புல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது.

பாதையில் ஒரு பிரெஞ்சுக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். ஐம்பது வயது இருக்கும். கோபப்படவில்லை. "அது ஒருவரையும் ஒன்றும் செய்யாத பாம்பு, மதாம். அதைக் கொல்லச் சட்டத்திலும் இடமில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குப் பிரெஞ்சு வராமல் இல்லை. பத்து வருடமாக அந்த மொழியில் மீன் விற்கிறேன். ஆனால் நான் கம்பியைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா முன்னுக்கு வந்து, "எங்கள் மேல் பாய்ந்தது. உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போங்கள்" என்று அதட்டினார். அவர் பாம்பையும் என் கையிலிருந்த கம்பியையும் இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

நாங்கள் அப்போதே கிளம்பியிருக்கவேண்டும். நான் கையைக் கழுவப் போனேன். கழுவக் கழுவ நாற்றம் போகவில்லை. அந்த நேரம் பார்த்து என் தடி வளைந்தது.

அடியில் போட்டிருந்த தூண்டில் அது. ஒரே நைலோன் நரம்பில் மேலே ஒரு முள், கீழே ஒரு முள், இரண்டிலும் மண்புழு. இழுத்தபோது மீன் மாதிரித் துள்ளவில்லை. ஆற்றின் அடியில் யாரோ பிடித்துக்கொண்டு பின்வாங்குவது போல இருந்தது. கரைக்குக் கொண்டுவந்து பார்த்தால் விலாங்கு. என் கையளவு தடிப்பு. கற்களுக்கு மேலே ஏறியதும் அது நரம்பிலேயே தன்னை முடிச்சுப் போட்டுக்கொண்டு முறுகியது. நான் வெறுங்கையால் அதன் கழுத்தைப் பிடித்தேன். வாலால் என் முழங்கையைச் சுற்றி இறுக்கியது. வழுவழுப்பு தோள்வரை ஏறியது. கடையில் ஐஸில் படுத்துக்கிடக்கிற மீனை வெட்டுவது வேறு. இதன் பலம் முழுவதும் என் கையில் நின்றது.

"விடாத, புடி, நான் முள்ள எடுக்குறேன்" என்று அக்கா குனிந்தார்.

விலாங்கு விழுங்கியிருந்தது கீழ் முள்ளை. மேல் முள் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. என் பிடி வழுகியது. விலாங்கு ஒரே உதறலில் கீழே விழுந்தது, நரம்பு இறுகியது, மேல் முள் அக்காவின் வலது உள்ளங்கையில் பெருவிரலுக்குக் கீழே இறங்கியது. விலாங்கின் முழுப் பாரமும் அந்த முள்ளில் தொங்கியது. அது துள்ளத் துள்ள முள் ஆழமாகப் போனது. அக்கா கத்தவில்லை. "வெட்டு" என்று மட்டும் சொன்னார். அவருடைய முகம் சாம்பல் நிறமாகிவிட்டது.

கத்தி பைக்குள் இருந்தது. எடுத்து ஒரே இழுவையில் நரம்பை அறுத்தேன். விலாங்கு புல்லில் விழுந்து, செத்த பாம்புக்கு மேலே ஏறி, கற்களுக்கிடையில் நெளிந்து தண்ணீருக்குள் போய்விட்டது. கீழ் முள்ளையும் கொண்டே போய்விட்டது.

அக்காவின் கையிலிருந்து இரத்தம் மணிக்கட்டு வழியாக ஓடியது. முள்ளின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. இழுத்துப் பார்க்கட்டா என்று கேட்டேன். "தொட்டீன்னா ஒன்னத் தள்ளி விட்டுடுவேன் ஆத்துல" என்றார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அக்கா இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். வலது கை மடியில், என் சால்வைக்குள். "இப்ப" என்று அவர் சொல்லும்போது நான் கியரை மாற்றுவேன். இரண்டு தரம் பிழையாக மாற்றினேன். வட்டச்சந்தி ஒன்றில் வண்டி அலறிக்கொண்டு நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அக்கா கண்ணாடியை இறக்கி, முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவர் சொல்லும் என்று நான் நினைத்தே பார்த்திராத ஒரு பிரெஞ்சுச் சொல்லை அவனைப் பார்த்துச் சொன்னார்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். எங்களைச் சுற்றியிருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. என்னிலிருந்து வந்த பாம்பு நாற்றம்தான் காரணம். அக்கா நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பாம்ப அடிச்சது சரி. செத்ததுக்கு அப்புறம் யார அடிச்ச?"

நான் விரல் நகத்துக்குள் இருந்த அழுக்கைச் சுரண்டினேன்.

"அது பல்வலி இல்லதான?"

"இல்லை அக்கா."

"எத்தினி வாட்டி?"

"மூண்டாம் தரம்."

அக்கா சால்வையைக் கொஞ்சம் விலக்கிக் கையைப் பார்த்தார். மறுபடி மூடினார். "அந்தப் பச்சத் தூண்டில் இருக்கு பார், நீ இன்னிக்கி வச்சிருந்தது. அதோட அடிக்கட்டையால என் முதுகுல அடிச்சிருக்கார். ஒரு வாட்டி ரெண்டு வாட்டி இல்ல."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே."

"யாரு கேட்டா? எல்லாருமா சேந்து நான் அவர் ஞாபகமா மீன் புடிக்கிறேன்னு முடிவு பண்ணிட்டாங்க. செத்ததும் எல்லாத் தூண்டிலையும் குப்பையில போட கீழ வரைக்கும் தூக்கிட்டுப் போனேன். அப்புறம் யோசிச்சேன். நல்ல தூண்டில். அத நான் எதுக்குப் போடணும்?"

"ஏன் அக்கா விட்டிட்டுப் போகேல்லை?"

"மொதல்ல பயம். அப்புறம் பழகிப்போச்சு. கவுண்ட்டர்ல உக்காந்து ஊருல உள்ள பொம்பளைங்களுக்கெல்லாம் பேப்பர் சரி பண்ணிக் குடுத்தேன், புருஷன்கிட்டேந்து பிரியறதுக்கு எந்தக் காகிதம் வேணும், எங்க போகணும்னு. சாயங்காலம் ஆனா வீட்டுக்குப் போயிடுவேன்."

அதற்குள் அவரைக் கூப்பிட்டார்கள். ஊசி போட்டுச் சதையைக் கீறி முள்ளை எடுத்தார்கள். நான்கு தையல்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் கணவர் மூக்கைச் சுளித்து, "என்ன நாத்தம் இது?" என்றார். பாம்பு அடித்தேன் என்றேன். சவர்க்காரம், எலுமிச்சை, வினாகிரி என்று எல்லாம் போட்டுத் தேய்த்தேன். செவ்வாய்க்கிழமை கடையிலும் இலேசாக வந்தது. அன்று வழக்கம்போல மீன் வெட்டினேன். ஆனால் ஒன்று மட்டும் விளங்கியிருந்தது. என் கை தொடங்கினால் தானாக நிற்காது.

வியாழக்கிழமை பின்னேரம் அவர் லில் கதையை மறுபடி எடுத்தார். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கையெழுத்தைத் திருப்பி எடுக்கிறேன் என்று விடுதிக்கு எழுதச் சொன்னார். ஏலாது என்றேன். கிட்ட வந்தார். கை மேலே போனது.

நான் முதலில் கத்தியைச் சிங்குக்குள் போட்டேன். எட்டி எடுக்க முடியாதபடி தள்ளிப் போட்டேன். பிறகு இறங்கிவந்த கையை மணிக்கட்டில் பிடித்தேன். கிழமையில் ஆறு நாள் அறக்குளாத் தலை பிளக்கிற கை அது. அவர் இழுத்தார். விடவில்லை. முறுக்கினேன். அவர் சுவரோடு போய் நின்றார். விரல்கள் வெளுத்தன. முகம் முழுக்க நம்பமுடியாத ஒரு பார்வை. மகள் வாசலில் வந்து நின்றது தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவரை நினைத்து அல்ல, என் கையை நினைத்து.

"இனி என்னிலை கை வைச்சியளெண்டால் நான் பொலிசுக்குப் போவன். என்ன பேப்பர் வேணும், எங்கை போகவேணும் எல்லாம் எனக்குத் தெரியும். அவள் லில்லுக்குப் போறாள்."

சொல்லி முடித்தபிறகும் பிடியை விட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மகள்தான் வந்து என் விரல்களைத் தொட்டாள். இந்த முறை அவள் தமிழில் பேசினாள். "காணும் அம்மா, விடு."

அவர் அன்றே பொபினியில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். மணிக்கட்டில் ஐந்து விரலும் நீலமாகக் கன்றியிருந்ததாகத் தம்பியின் மனைவி எனக்குப் போன் பண்ணித் திட்டினாள். பதினொரு நாள் கழித்து உடுப்புப் பையோடு திரும்பி வந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. வந்து சாப்பிட்டார், வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு இன்றுவரை கை ஓங்கியதில்லை. ஏன் என்று நான் கேட்டதுமில்லை. அக்காவின் பெருவிரல் இப்போது முழுதாக மடங்காது. இடது கையால் தடி பிடிக்கப் பழகிவிட்டார்.

ஆவணிக் கடைசியில் மகளின் சாமான்களை என் கணவர்தான் தன்னுடைய வான் வண்டியில் ஏற்றினார். சின்னக் குளிர்பெட்டியைத் தனியாளாக நாலு மாடி தூக்கினார். மகளுக்குக் கட்டிலைப் பொருத்திப் பூட்டிக் கொடுத்தார். அவள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் பெற்றோல் நிலையம் ஒன்றைக் கடந்தபிறகு அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அண்டைக்கு நீ கத்தியை ஏன் தள்ளிப் போட்டனி?"

"போடாட்டி என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். செவ்ரானில் வானை நிறுத்திவிட்டு, வெறும் பெட்டிகளை ஆளுக்குப் பாதியாகத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினோம்.